பித்தளையும் உண்மையும்

புதியதோர் இயந்திரத்துக்குப் பழமையின் கோலம் பூட்டுதல் பொய்யாகுமா? இன்று கணினியைத் தாமே வடிவமைப்போர் சிலர், செப்புக் குழாய், பித்தளை மானி, தேக்குப் பேழை ஆகியவற்றால் அதனைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறிபோல் ஆக்குகின்றனர். குழாயில் ஓடும் நீர் மையச் செயலகத்தின் வெப்பத்தை ஏந்திச் சென்று, விசிறி பொருந்திய தகடுகளில் இழந்து மீள்கிறது. இம்முறை புதிதன்று, 1960களிலேயே ஐ.பி.எம். 360 வரிசையின் 91ஆம் மாதிரி நீரால் குளிர்விக்கப்பட்டது.

ஆதலின் செப்புக் குழாயைக் குறைகூற இடமில்லை; அது தொழில் செய்கிறது. மானியின் நிலை வேறு. நீரின் வெப்பத்தை உள்ளபடி காட்டுமாயின் அதுவும் ஓர் உறுப்பே. அசையா முள்ளோடு ஒட்டப்பட்டிருப்பின் பொய்ச்சாட்சி.

ஹல்துமுல்லைக்கு இது வெறும் அழகியல் வினா அன்று. அருகே, ஹப்புத்தளையை அடுத்த தம்பேதன்னையில், 1890இல் லிப்டன் எழுப்பிய தேயிலைத் தொழிற்சாலை நிற்கிறது. மலை ஓடை நீரின் விசையால் பொறிகளை ஓட்டிய தோட்டங்களும் அக்காலத்தில் இருந்தன. அக்காலத்துப் பித்தளையை வியப்போர் பளபளப்பைக் காண்கின்றனர். கொழுந்து பறித்தோரின் வழித்தோன்றலுக்கோ பிரட்டுக்களத் தப்பொலியும் தராசும் லயக்காம்பிராவும் அதனோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். இவற்றை நீக்கிப் பழமையை மட்டும் எடுத்துக்கொள்வதும் அசையா முள்ளை ஒட்டுவதே. கடுந்தீர்ப்பு எனலாம், ஆயினும் தகும்.

தோட்டத்து இளைஞனே தன் கணினிக்கு அக்கோலம் பூட்டினால்? பாட்டன் துலக்கிய பித்தளையைப் பேரன் தன் மேசைமேல் வைப்பதை எவரும் வேடம் எனார். எனினும் அவன் பொருத்தும் மானியும் நீரின் வெப்பத்தைக் காட்டவே வேண்டும்.