பாப் ஃபேகினின் பெயர்

சார்லஸ் டிக்கன்ஸ் ஏழைகளின் எழுத்தாளர்னு படிச்சு வளர்ந்தவன் நான். அதை மறுக்கவில்லை. ஆனால் பாப் ஃபேகின் என்கிற பையனை நினைத்தால் தொண்டையில் முள் சிக்கினாற்போல இருக்கிறது.

1824. டிக்கன்ஸுக்கு 12 வயது. கடன் நெரித்தது. தேம்ஸ் ஆற்றங்கரையில், எலி ஓடுகிற கட்டடத்தில், பூட்ஸ் மை டப்பாவுக்குக் காகிதம் கட்டி லேபிள் ஒட்டுகிற வேலைக்கு அனுப்பினார்கள். வாரக்கூலி 6, 7 ஷில்லிங். சில நாளில் அப்பாவைக் கடனுக்காக மார்ஷல்சி சிறையில் போட்டார்கள்.

நூலைச் சுற்றி முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுத்தவன் பாப். தாய் தகப்பன் இல்லாதவன். படகோட்டி மச்சான் வீட்டில் இருந்தவன். ஒருநாள் டிக்கன்ஸ் விலா வலியில் துடித்தபோது, வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். காலி மை பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி அரைநாள் ஒத்தடம் கொடுத்தான் பாப். சாயங்காலம் தனியா விட மனசில்லாமல் கூடவே நடந்தான். சிறை தெரிந்துவிடுமே என்று டிக்கன்ஸ் சவுத்வார்க் பாலத்தருகே யாரோ வீட்டுப் படியில் நின்று, இதுதான் என் வீடு என்று கைகுலுக்கி அனுப்பினார். அவன் திரும்பிப் பார்த்தால்? கதவையும் தட்டினார். திறந்த பெண்ணிடம் இது ராபர்ட் ஃபேகின் வீடா என்று கேட்டார்.

அந்தப் பொய்யை நான் குற்றம் சொல்லமாட்டேன். காலேஜில் ஊர்த்தெருப் பையன் ஒருவனை, என் சேரி தெரியக்கூடாதுன்னு பஸ் ஸ்டாண்டிலேயே பேசி அனுப்பியவன் நான். ஆனால் நான் மறைத்தது என்னை மதிக்கமாட்டானோ என்று பயந்தவனிடம். அவர் மறைத்தது ஒத்தடம் கொடுத்தவனிடம்.

என் கேள்வி பிறகு நடந்ததைப் பற்றி. 1837-ல் 'ஆலிவர் ட்விஸ்ட்' தொடர் ஆரம்பித்தது. பிள்ளைகளைத் திருட்டுக்குப் பழக்குகிற யூதக் கிழவனுக்கு அவர் வைத்த பெயர் ஃபேகின். யூதர்களை இழிவுபடுத்தியது சரியா என்று எலைஸா டேவிஸ் என்ற யூதப் பெண் 1863-ல் கடிதம் எழுதினார். பின்வந்த பதிப்பில் 'யூதன்' என்ற சொல்லைப் பல இடத்தில் எடுத்தார் டிக்கன்ஸ். எடுத்த இடங்களில் வந்து உட்கார்ந்த சொல் எது? 'ஃபேகின்'தான். பாபுக்காகக் கடிதம் எழுத யார் இருந்தா?

ஏன் அந்தப் பெயர்? தன் குறிப்பில் டிக்கன்ஸ் வேலையை மட்டும் நொந்துகொள்ளவில்லை. அந்தப் பையன்களோடு சேர்ந்ததையே ஆத்ம வேதனை என்கிறார். பாபின் அன்பை ஏற்றால் தானும் அந்த மைக்கூடத்து ஆள் என்றாகிவிடும். அந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெந்நீர் பாட்டிலும் அதே குறிப்பில்தான் இருக்கிறது. எழுதி வைத்தவர் அவரே. உயிரோடு இருந்தவரை அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1870-ல் செத்தபின், நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வரலாற்றில்தான் அது வெளியே வந்தது.