உறங்காதவனின் பள்ளியறை

உறங்காத இறைவனுக்கு எதற்குப் பள்ளியறை? நெல்லையப்பர் கோயிலில் அர்த்தசாம பூஜை முடிந்து ரத வீதி வழியாக வீடு திரும்பும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னுடன் வருகிறது. வழியெங்கும் கைப்பேசி வெளிச்சத்தில் விழித்திருக்கும் முகங்கள்.

கண் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறோம். திரையின் நீல ஒளி விழித்திரையைச் சிதைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கண் உலர்வது இமைக்க மறந்து உற்றுப் பார்ப்பதால். கெடுவது உறக்கம். விழித்திரையில் மெலனாப்சின் கொண்ட செல்கள் உண்டு. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி பட்டால், இன்னும் பகல்தான் என்று அவை மூளைக்குச் சொல்கின்றன. இரவை அறிவிக்கும் மெலடோனின் சுரப்பு குறைகிறது.

ஆனால் ஒளியைவிடப் பெரிய தடை, கைவிட மனம் வராததுதான். உறங்குவதென்றால், நானில்லாமலும் உலகம் நடக்கும் என்று நம்பி ஒப்படைப்பது. தாமிரபரணிக் கரையில் திருக்கோளூரிலும் திருப்புளிங்குடியிலும் பெருமாள் கிடந்த கோலத்தில் காட்சி தருகிறார். காப்பவன் படுத்திருக்கும் கோலத்தை வணங்கும் நாம் ஓய்வைக் குறையென்று எண்ணலாமா? இறைவனுக்குத் தேவைப்படாத பள்ளியறை நமக்காகவே அமைந்தது என்று நம்புகிறேன். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். அதையும் வழிபாடென்றே சொல்வேன்.