தொட்டிற் குழந்தையின் ஹக்கு

மாமல்லபுரத்தை அடுத்த ஒரு மஹல்லாவில், அஸர் தொழுகைக்குப் பின், இளந்தாய் ஒருத்தி பதினோரு மாதக் குழந்தையை இடுப்பில் ஏந்தியவளாய் என்னிடம் வந்தாள். "ஹஜ்ரத், அங்கன்வாடியில் பிள்ளைக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். 'தர்மச் சோறு நம் வீட்டுக்குள் வரக்கூடாது' என்கிறார் மாமா. அதை வாங்குவது கூடுமா, கூடாதா?" என்று கேட்டாள்.

'கூடும்' என்று ஒரு சொல்லில் விடையளித்து அனுப்பியிருக்கலாம். ஆயினும் அவளுடைய கேள்விக்குள் பெரியதொரு கேள்வி அடங்கியிருந்தது. பிள்ளையை வளர்ப்பதற்காக அரசு தருவது ஈகையா? அன்றி, அப்பிள்ளைக்குரிய ஹக்கா?

இக்கேள்வி எனக்குப் புதிதன்று. 1982 ஜூலை முதல் நாள், அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமப்புறங்களில் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளுக்கும் அதன்கீழ் உணவு கிடைத்தது. நாங்கள் அப்போது சதுரங்கப்பட்டினத்தில் குடியிருந்தோம். சைக்கிளில் துணி விற்று வந்த என் தந்தையார், மூன்று வயதுத் தம்பியை அங்கே அனுப்ப இசையவில்லை. "நாம் கையேந்தும் குடும்பமா?" என்றார்கள். வியாபாரம் இல்லாத மழைநாட்களில் தாயார் தம் பங்கையும் தம்பிக்கு ஊட்டிவிட்டு, தமக்குப் பசியில்லை என்பார்கள். அந்த மானத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே நான் உணர்ந்தேன்.

ஷரீஅத் இதில் காட்டும் வழி தெளிவானது. பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்றும், எவர் மீதும் அவரது சக்திக்கு மேல் சுமை இல்லை என்றும், தந்தை இல்லையேல் அப்பொறுப்பு வாரிசைச் சாரும் என்றும் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 233ஆம் வசனம் வகுத்துரைக்கிறது. ஆகவே, பிள்ளைக்குச் செய்யும் செலவு நம் அன்பின் பெருந்தன்மையைப் பொறுத்ததன்று. அது கடமையான நஃபகா. குடும்பத்தால் இயலாதபோது அப்பொறுப்பைப் பொதுநிதியாகிய பைத்துல்மால் ஏற்கும்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்றை இப்னு ஸஅத் தம் தபகாத் நூலில் பதிவு செய்துள்ளார். பால்குடி மறந்த குழந்தைகளுக்கு உமர் (ரலி) பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வகுத்திருந்தார்கள். மதீனாவுக்கு வந்து தங்கிய வணிகக் கூட்டத்துக்கு ஓரிரவு அவர்களே காவல் இருந்தபோது, ஒரு குழந்தை ஓயாது அழுதது. இருமுறை சென்று தாயிடம் எடுத்துச் சொல்லியும் அழுகை அடங்கவில்லை. மூன்றாம் முறை கடிந்துகொண்டபோது, தம்மிடம் பேசுபவர் யாரென்று அறியாத அத்தாய், உதவித்தொகை பெறுவதற்காகவே பிள்ளையைக் காலத்துக்கு முன் பால் மறக்கச் செய்வதாகக் கூறினாள். அன்று பஜ்ருத் தொழுகையில் உமர் (ரலி) அழுத அழுகையில், அவர்கள் ஓதியது பின்னின்றோர்க்கு விளங்கவில்லை. பால் மறக்கச் செய்வதில் அவசரப்பட வேண்டாமென்றும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அத்தொகை உண்டென்றும் உடனே பறைசாற்றினார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, வறுமையை விசாரித்து இரக்கப்பட்டுத் தந்த தொகையன்று அது. பிறந்ததனாலேயே குழந்தைக்கு உரியதாயிற்று. இரண்டாவது, நல்லெண்ணத்தோடு வகுத்த விதியும், அதன் எல்லைக்கோடு தவறினால், எந்தக் குழந்தைக்காக வகுக்கப்பட்டதோ அக்குழந்தையையே அழவைத்துவிடும்.

முதற்பாடம் நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகள் அதன் வழியே வந்தவை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் அங்கன்வாடி வழியே விலையின்றி உணவு பெறுவதைச் சட்டப்படியான உரிமை ஆக்கிற்று. கருவூலமும் அந்நியர் வீட்டுப் பெட்டியன்று. கடையில் சோப்பு வாங்கும் ஏழையும் அதில் வரி செலுத்துகிறான். அதிலிருந்து தன் பிள்ளையின் பங்கைக் கேட்கும் தாய் யாசிப்பவள் ஆகாள்.

இரண்டாம் பாடத்தையோ நாம் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. விடியுமுன் கோவளம் கரையில் மீன் ஏலம் எடுக்கச் செல்பவளும், மாமல்லபுரத்துக் கல் பட்டறையில் கூலிக்கு நிற்பவளும் தம் கைக்குழந்தையை எங்கே விடுவார்கள்? அங்கன்வாடி திறக்கும் நேரமும் இவர்கள் வேலை நேரமும் ஒன்றல்ல. 2017இல் வந்த சட்டத் திருத்தம், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. கூடை சுமப்பவளுக்கு நிறுவனம் ஏது? அவள் வீட்டில் பத்து வயது மூத்த பெண் பள்ளியை விட்டுத் தம்பிக்குத் தொட்டில் ஆட்டுகிறாள். ஒரு பிள்ளையைக் காக்க மற்றொரு பிள்ளையின் கல்வி செலவாகிறது. நம் காலத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே கேட்கும் அழுகை இதுவே.

அரசு தந்தால் தந்தையர் பொறுப்பு மறப்பரே என்று சிலர் வினவலாம். உமர் (ரலி) தந்த தொகை எந்தத் தந்தையின் நஃபகாவையும் நீக்கவில்லை. பிள்ளையின் பேரில் வருவது பிள்ளையின் அமானத்து. அதை விற்பவனும், வேறு செலவில் கரைப்பவனும் அமானத்தில் மோசம் செய்தவன். வீண் மானம் கருதி அதைத் தடுப்பவனும் அப்பழிக்கு முற்றும் நீங்கியவன் அல்லன். தனக்குரியதை வேண்டாமென்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. பேசத் தெரியாத குழந்தைக்குரியதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்?

அந்த இளந்தாயிடம், "வாங்கு மகளே. பிள்ளைக்கே ஊட்டு. உன் மாமாவிடம் நான் பேசுகிறேன்" என்றேன். மஃரிபுக்குப் பின் அப்பெரியவரைச் சந்தித்தேன். சட்டம் எதுவும் பேசவில்லை. என் தாயாரின் மழைநாட்களை மட்டும் சொன்னேன். நெடுநேரம் மௌனமாயிருந்தவர், "மாவை நானே போய் வாங்கி வருகிறேன்" என்றார்.

ஆட்சியில் இருப்போர்க்கும் வீட்டில் மூத்தோர்க்கும், குழந்தையின் அழுகையைக் கேட்டுத் தம் விதியைத் திருத்திக்கொள்ளும் உள்ளத்தை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.