விருந்தினர் குரல்

தேயிலை மலைச் சிற்றூர் ஒன்றின் பள்ளி விழாவுக்குப் பேர்பெற்ற பாடகியார் ஒருவர் விருந்தினராக வருகிறார் எனின், பிள்ளைகளின் இசைக்குழு அவருக்கு இணங்க வேண்டுமா, அவர் பிள்ளைகளுக்கு இணங்க வேண்டுமா? மேலைநாட்டுப் பல்கலைக்கழக இசைக்குழுவோடு பாட வரும் உச்சக்குரல் பாடகிக்கும் இவ்வினா உண்டு. உலகம் பெரும்பாலும் முன்னதையே விடையாகக் கொள்ளும். அவ்வாறு கொண்டால் பிள்ளைகள் தம் விழாவிலேயே அயலார் ஆகிவிடுவர்.

1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார். இராஜாஜி ஆங்கிலத்தில் இயற்றிய வேண்டுதற் பாடலொன்றுக்கு மேலையிசை வல்லுநர் ஹாண்டல் மானுவல் இசையமைத்திருந்தார். கமகத்திலேயே ஊறிய குரல், அசைவின்றி நேர் நிற்கும் சுரங்களைப் பாட வேண்டியதாயிற்று. (இசை பயில்வோர் அறிவர், இது எளிதன்று.) ஐம்பது அகவை நிறைந்து, புகழின் உச்சியில் இருந்தவர், மாணவியாகி அதனைக் கற்றார். கருநாடக இசை மட்டும் பாடி அமைந்திருந்தாலும் அவரை எவரும் குறை கூறியிரார்.