மீள்நிகழ்வும் விடுதலையும்
ஜெப் மில்ஸின் இயந்திர இசை எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி மனிதனைப் பணித்தல் அவனைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது கைத்தொழில் யுகத்தின்மீது எழுந்த கண்டனங்களுள் முதன்மையானது. தன் உழைப்பிலிருந்தும், உழைத்து ஆக்கிய பொருளிலிருந்தும், ஈற்றில் தன் மனிதத் தன்மையிலிருந்துமே தொழிலாளி அந்நியமாகின்றான் என்பதை மார்க்ஸ் தமது 1844 ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் விளக்கினார். அவ்வாறாயின், இயந்திரத்தின் ஒலியையே எடுத்து, அதனை இடையறாது மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்து, அதுவே கலை என முன்வைக்கும் ஒருவரை எவ்வாறு மதிப்பிடுவது? அவர் மனிதனை ஒடுக்கிய ஒழுங்கைப் போற்றிப் பாடுபவரா? அன்றி அவ்வொழுங்கைத் தம் கைக்குள் கொண்டுவந்தவரா? டெக்னோ எனப்படும் ஆடல் இசையில் இருண்டதும் கடுமையானதுமான ஒரு போக்கை உருவாக்கியோருள் முக்கியமானவராகிய ஜெப் மில்ஸின் கலைவாழ்வு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களமாகும்.

மில்ஸ் 1963 இல் அமெரிக்காவின் டெட்ரொயிற் நகரிற் பிறந்தார். அந்நகரின் வரலாற்றை விடுத்து அவரது இசையை விளங்கிக்கொள்ள இயலாது. டெட்ரொயிற்றால் சூழப்பட்ட ஹைலண்ட் பார்க்கில் இருந்த போர்ட் தொழிற்சாலையில் 1913 இல் ஒரு புதிய முறை நடைமுறைக்கு வந்தது. வாகனம் தொழிலாளரை நோக்கி நகர்ந்து வரும். தொழிலாளர் நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வொருவரும் ஒரே வேலையை நாள் முழுவதும் செய்வர். வேலையின் வேகத்தை நிர்ணயிப்பது மனிதனின் கையன்று, நகரும் நிரையே. இந்நிரையில் வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்தொகையினராக வந்து குடியேறினர். 1950 இல் அந்நகரின் சனத்தொகை ஏறக்குறைய 18½ இலட்சமாக இருந்தது. பின்னர் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, முதலீடு வெளியேறியது. 1967 ஜூலையில் மூண்ட கிளர்ச்சியில் 43 பேர் மாண்டனர். 2010 இல் சனத்தொகை ஏறக்குறைய 7 இலட்சமாகச் சுருங்கிற்று. 2013 இல் மாநகரமே வங்குரோத்து நிலையை அடைந்தது.

இந்நகரில் இசைக்கும் தொழிற்சாலைக்குமிடையிலான உறவு புதிதன்று. 1959 இல் மோட்டவுன் இசைநிறுவனத்தைத் தோற்றுவித்த பெரி கோர்டி, அதற்கு முன்னர் வாகனத் தொழிற்சாலை நிரையில் வேலை செய்தவர். வெற்றுச் சட்டமாக நுழைவது முழு வாகனமாக வெளிவரும் அம்முறையையே அவர் பாடகரை உருவாக்குவதற்கும் கைக்கொண்டார். அந்நிறுவனமும் 1972 இல் லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்தது. எஞ்சிய நகரையும் அதன் அயலையும் சார்ந்த கறுப்பின இளைஞராகிய யுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் முதலியோர் 1980களில் பாடகரையும் வாத்தியக் குழுவையும் விடுத்து மின்னணுக் கருவிகளைக் கொண்டு அமைத்த இசையே பின்னர் டெக்னோ எனப் பெயர் பெற்றது. அக்காலத்தில் மில்ஸ், 'மந்திரவாதி' எனப் பொருள்படும் 'விசார்ட்' என்னும் புனைபெயரில், டெட்ரொயிற் வானொலியில் இசைத்தட்டுகளை வியக்கத்தக்க விரைவுடன் இணைத்து வழங்கி வந்தார். தட்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் இத்தகைய கலைஞரே டிஜே எனப்படுவர்.

1980களின் பிற்பகுதியில் மில்ஸ், மைக் பாங்ஸுடன் இணைந்து 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்னும் குழுவை அமைத்தார். மறைவிலிருந்து எழும் எதிர்ப்பு என்பது அப்பெயரின் கருத்து. ரொபர்ட் ஹூட் பின்னர் அவர்களுடன் சேர்ந்தார். பெரிய நிறுவனங்களைச் சாராது தம் தட்டுகளைத் தாமே வெளியிடுதல், முகத்தை மறைத்து ஒலியை முன்னிறுத்துதல் ஆகியன இக்குழுவின் கொள்கைகளாயின. கலைஞனின் முகமே விற்பனைப் பொருளாகும் ஒரு சந்தையில் முகத்தைத் தர மறுப்பதும் ஓர் அரசியலே. ஆயினும் 1990களின் தொடக்கத்திலேயே மில்ஸ் அக்குழுவை விட்டு விலகி, 1992 இல் 'அக்சிஸ்' என்னும் தமது சொந்த வெளியீட்டகத்தை நிறுவினார்.

அதே ஆண்டில் அவரது 'வேவ்போர்ம் ட்ரான்ஸ்மிஷன்' வரிசையின் முதலாம் தொகுதியை பேர்லின் நகரின் ட்ரெசோர் வெளியிட்டது. ட்ரெசோர் என்பது பெட்டகத்தைக் குறிக்கும் ஜேர்மன் சொல். மதில் வீழ்ந்து சில காலத்தின்பின், 1991 இல், பழைய வேர்த்தைம் பல்பொருளங்காடியின் நிலக்கீழ்ப் பெட்டக அறையில் அப்பெயருடைய ஆடரங்கு திறக்கப்பட்டது. அவ்வங்காடி ஒரு யூதக் குடும்பத்துக்கு உரியதாயிருந்து நாசி ஆட்சியிற் பறிக்கப்பட்டதாகும். துருப்பிடித்த பெட்டகங்கள் வரிசையாய் நின்ற அந்த அறையிலே டெட்ரொயிற்றின் இசை இரண்டாவது இல்லத்தைக் கண்டது. இவ்விசையின் இருள் வெறும் மேடை அலங்காரமன்று என்பதை இவ்விரு இடங்களும் உணர்த்துகின்றன. அதில் மனிதக் குரல் அரிது. ஆறுதல் தரும் மெட்டு இல்லை. அடித்தளத்தில் விடாது விழும் ஓர் அடியும், அதன்மேல் உலோகத்தை உலோகம் உரசுவது போன்ற ஓசைகளும், விரைந்த கதியுமே உண்டு. வெறுமையான தொழிற்சாலையை நோக்கி, அது வெறுமையாக உள்ளது என்று சொல்வது நம்பிக்கையின்மையன்று, உண்மை கூறலாகும். இருளை இருள் என்று காட்டாத கலை அங்கு பொய்யான ஒளியையே தந்திருக்கும்.

இனி, முற்கூறிய வினாவுக்கு மீளலாம். மில்ஸின் முதன்மைக் கருவி, யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1983 இல் வெளியிட்ட டி.ஆர்-909 என்னும் தாளப்பொறியாகும். வணிக நோக்கிற் பார்த்தால் அது தோல்வியுற்ற கருவி. ஏறக்குறைய 10,000 பொறிகளே செய்யப்பட்டன. உற்பத்தி விரைவில் நின்றது. பழைய பொருளாக மலிவு விலைக்கு வந்தபோதே அது வசதியற்ற இளைஞரின் கையை அடைந்தது. 16 படிகள் கொண்ட ஓர் ஆவர்த்தனத்தை அமைத்துவிட்டால் அப்பொறி அதனைத் தானே திரும்பத் திரும்ப ஒலிக்கும். பலர் அதை முன்கூட்டியே ஒழுங்குசெய்து ஓடவிடுவர். மில்ஸோ, பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முன் நின்று, அடிகளைச் சேர்த்தும் நீக்கியும் ஒரு வாத்தியத்தைப் போல அதனை வாசிப்பவர். 2004 இல் வெளிவந்த 'எக்சிபிஷனிஸ்ட்' என்னும் படப்பதிவு அவரது கைகள் செய்யும் வேலையையே பார்வையாளருக்குக் காட்டுகின்றது. 1995 இல் டோக்கியோவின் லிக்விட் ரூம் அரங்கிற் பதிவாகி மறு ஆண்டு வெளிவந்த நிகழ்ச்சியில், மூன்று தட்டுச்சுழலிகளை இயக்கி, ஒரு மணி நேரத்தைச் சற்றே கடந்த பொழுதினுள் 30க்கும் மேற்பட்ட ஆக்கங்களை அவர் பின்னிச் செல்கிறார். ஆங்காங்கே இரு தட்டுகளின் கதி சிறிது பிறழ்வதும், கை விரைந்து அதனைத் திருத்துவதும் பதிவில் அப்படியே உள்ளன. பிழையும் திருத்தமும் மனிதனுக்கே உரியவை.

இவற்றினும் சிறந்த சான்று 1994 இல் வெளிவந்த 'சைக்கிள் 30' என்னும் தட்டு. வழமையான தட்டில் ஊசி சுருளாக உள்நோக்கிச் சென்று முடிவடையும். இத்தட்டின் ஒரு பக்கத்திலோ தனித்தனி வட்டங்களாக மூடப்பட்ட தடங்கள் வெட்டப்பட்டுள்ளன. நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும் தட்டு ஒருமுறை சுற்ற 1.8 விநாடி எடுக்கும். நான்கு அடிகளை அவ்வட்டத்துள் அடக்கினால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 133 அடிகள் என்னும் ஆடற்கதி கிடைக்கும். ஊசி அவ்வட்டத்தை விட்டு வெளியேற வழியில்லை. இசை தானாக முடியாது. ஒரு மனிதக் கை ஊசியைத் தூக்கும்போது மாத்திரமே அது நிற்கும்.

மீள்நிகழ்வு பற்றிய அறவியல் முடிவு இந்தக் கையிலேயே தங்கியுள்ளது எனலாம். மீண்டும் மீண்டும் நிகழ்தல் தன்னளவில் அடிமைத்தனமன்று. இதயத்துடிப்பும் நடையும் செபமும் மீள்நிகழ்வுகளே. அதனை நிறுத்தவும் மாற்றவும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அடிமையையும் விடுதலை பெற்றவனையும் வேறுபடுத்துகின்றது. 1927 இல் வெளிவந்த பிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரொபொலிஸ்' என்னும் மௌனப் படத்துக்கு 2000 இல் மில்ஸ் இசை அமைத்தார். அப்படத்தில், பெரிய மணிக்கூட்டின் முகம் போன்ற பொறியொன்றின் முன் நின்று, அதன் முட்களை ஓயாது நகர்த்தும் தொழிலாளி தளர்ந்து சரிவதைக் காணலாம். முட்களைப் பிடித்திருப்பது அவன் கைதான். ஆனால் அக்கையை எடுக்க அவனுக்கு உரிமையில்லை. தாளப்பொறியின் முன் நிற்கும் மில்ஸின் தோற்றம் அத்தொழிலாளியின் தோற்றத்தை ஒத்ததே. உரிமை மாத்திரமே இடம் மாறியுள்ளது.

எனினும் இம்முடிவோடு அமைவது நேர்மையாகாது. டெட்ரொயிற்றிலிருந்து வெகு தூரத்தில் அல்லாத பிளின்ற் நகரில், 1936 டிசம்பர் 30 முதல் 1937 பெப்ரவரி 11 வரை, ஜெனரல் மோட்டர்ஸ் தொழிலாளர் தொழிற்சாலையினுள்ளேயே அமர்ந்து நிரையை நிறுத்தினர். 44 நாட்களின்பின் நிறுவனம் அவர்களது சங்கத்தை ஏற்றுக்கொண்டது. ஊசியைத் தூக்கும் கையும் நிரையை நிறுத்திய கைகளும் ஒன்றல்ல. முன்னது தனி ஒருவரின் விடுதலை. பின்னது ஒரு வர்க்கத்தினது. பிற்காலத்தில் அந்நிரைகள் நின்றபோது அவற்றை நிறுத்தியது தொழிலாளரின் கையன்று, உடைமையாளரின் கணக்கு என்பதையும் மறத்தலாகாது. நிறுத்தும் உரிமை மீண்டும் மேலிடத்துக்கே சென்றது. எந்த இசைத்தட்டும் அதனை மீட்டுத் தரவில்லை.

இதனாலேயே சிலர் மில்ஸின் பாதையைக் குறை கூறலாம். எதிர்ப்பைப் பெயரிலேயே தாங்கிய குழுவை விட்டு அவர் தனிவழி சென்றார். 2005 இல் பிரான்சின் பொன்ட் டு கார்ட் பாலத்தருகே மொன்பெலியே இசைக்குழுவினருடன் நிகழ்ச்சி நடத்தினார். 2017 இல் பிரெஞ்சு அரசின் கலை இலக்கிய விருதின் உயர் நிலையொன்றைப் பெற்றார். அவரது ஆக்கங்கள் தொழிற்சாலையை விட்டு விண்வெளியையும் கோள்களையும் பொருளாகக் கொண்டன. பாங்ஸோ அக்குழுவைத் தொடர்ந்து நடத்தினார். இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆடரங்கிலே தாமும் ஒரே அடிக்குக் கட்டுண்டு விடியும்வரை ஆடுவோர், அங்கிருந்து வெளியேறியதும் தம்மால் நிறுத்த முடியாத வேறொரு நிரைக்கே திரும்புகின்றனர் என்பதும் மெய்யே.

ஆனால் கலையிடம் எதனைக் கேட்பது என்பதில் தெளிவு வேண்டும். கலை நிரையை நிறுத்தாது; நிறுத்தக்கூடியது மனிதக் கை என்பதைக் கையே மறந்துவிடாமற் காக்க அதனால் முடியும். மில்ஸ் 2018 இல் ஆபிரிக்கத் தாளக்கலைஞர் டோனி அலனுடன் இணைந்து ஓர் ஆக்கத்தை வெளியிட்டார். 2020 இல் மறைந்த அலனின் மேளமும் மில்ஸின் பொறியும் அதில் ஒன்றையொன்று கேட்டுக் கேட்டு நகர்கின்றன. அங்கே மனிதன் பொறிக்காகக் காத்து நிற்கவில்லை. பொறி மனிதனுக்கு இடம் விட்டு நிற்கின்றது. அத்தகைய உறவு இசையரங்கில் இயலுமெனில், தொழிற்களத்தில் அது இயலாதிருப்பதற்குக் காரணம் இயந்திரமன்று. அக்காரணத்தைத் தேடும் பொறுப்பு இசைக்கலைஞருடையது மாத்திரமன்று, கேட்டவருக்கும் உரியது.