475 லிட்டர் அந்தரங்கம்

“கட்டிலைச் சேர்த்துப் போடவா, பிரித்துப் போடவா?”

கல்யாணமாகி முப்பத்தோரு வருடங்களில் எங்களை யாரும் கேட்காத கேள்வி. கேட்டவர் எங்கள் கப்பல் அறையைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர். மார்பில் பெயர்ப்பட்டை, பெயருக்குக் கீழே ‘இந்தோனேஷியா’. சிங்கப்பூர் மெரினா பேயில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். மகள் பிடிவாதமாக எடுத்துக் கொடுத்த டிக்கெட். பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. என் மனைவி சுவரைப் பார்த்தாள். நான் அலமாரியில் இருந்த லைஃப் ஜாக்கெட்டை உற்றுப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். என் குறட்டை தாங்காமல் அவள் ஆறேழு வருடமாக ஹாலில் படுக்கிறாள். ஊரிலிருந்து யாராவது வந்தால் மட்டும் தலையணையை உள்ளே கொண்டுவந்துவிடுவாள். மகளுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். கப்பலில் ஹாலுக்கு எங்கே போவது? “பிரிச்சே போட்டுடச் சொல்லுங்க” என்றாள் என்னிடம், அவருக்கு ஏதோ தமிழ் தெரியும் என்பதுபோல் குரலைத் தாழ்த்தி. சொன்னேன். அவர் தலையசைத்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், நடுவில் ஒரு குட்டி மேஜையோடு கட்டில் இரண்டாகியிருந்தது. ஆறேழு வருடமாகக் கட்டிக்காத்த குடும்ப ரகசியம், கப்பல் கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே வெளியே போய்விட்டது.

ஜன்னலில்லாத கப்பல் அறை என்பது ஏறக்குறைய 150 சதுர அடி. குளியலறையும் அதற்குள்ளேயே. வீடு என்றால் ஒளித்து வைக்கப் பரண் உண்டு, கட்டிலடி உண்டு, விருந்தாளி வரும்போது சட்டென்று சாத்திக்கொள்ள ஓர் அறைக்கதவு உண்டு. இங்கே எல்லாம் கண்ணுக்கு நேரே. என் பி.பி. மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மீசைக்குப் பூசும் சாயப் பாக்கெட், அவள் மூட்டுவலித் தைலம், துணிக்கு நடுவில் பொதிந்து கொண்டுவந்தும் வாசனையால் தன்னைக் காட்டிக்கொண்ட மாவடு பாட்டில். இரண்டே நாளில், என் சம்பந்திக்குத் தெரியாததெல்லாம் அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெயர்ப்பட்டையில் இருந்த இரண்டு வார்த்தைகள்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. நாங்கள் இல்லாத நேரம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. இட்லி கிடைக்குமா என்று தேடி, கிடைக்காமல் ரொட்டியைத் தின்றுவிட்டு வருவதற்குள் அறை பளிச்சென்று இருக்கும். எங்காவது காமிரா வைத்திருப்பார்களோ என்று கூரையை ஒருமுறை நோட்டம் விட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்து எங்கள் பழைய வீட்டில் ‘காமரா உள்’ என்றே ஓர் அறை இருந்தது. அறையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்த பெயர். அந்தக் காமராவில் யாரும் யாரையும் பார்க்க முடியாது. இந்தக் காமிரா பார்ப்பதற்கென்றே பிறந்தது.

கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டேன். சிரித்தார். அவர் பொறுப்பில் பதினெட்டு அறைகள். நீச்சல் துண்டோடு போகிறவர் ஒன்றரை மணி நேரத்துக்குத் திரும்ப மாட்டார். செருப்போடு போகிறவர் காபி எடுத்துக்கொண்டு உடனே வந்துவிடுவார். “ரெண்டாவது நாளே ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு கடிகாரம் தெரிஞ்சிடும் சார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். முன்பெல்லாம் காலையில் ஒரு தடவை, இரவுப் படுக்கை விரிக்க ஒரு தடவை என்று தினம் இரண்டு முறை அறைக்குள் வருவது வழக்கம். கொரோனாவுக்குப் பிறகு பல கப்பல் நிறுவனங்கள் அதை ஒன்றாகக் குறைத்துவிட்டன.

என் மனைவியின் தொல்லை வேறு மாதிரி. அவர் வருவதற்கு முன் அவள் அறையைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். படுக்கை விரிப்பை உதறி மடித்து, குளியலறைத் தரையைத் துடைத்து, வாஷ்பேசினில் என் மீசைச்சாயத் துளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “தலைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர்னு பில்லுலயே ஏத்திடறாங்க. அந்த வேலையை நீ ஏன் செய்யறே?” என்றேன்.

“பணம் கொடுத்தா நம்ம அசிங்கத்தைக் காட்டிடலாமா?” என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை. ஓட்டல் அறையைக் காலி செய்யும்போது குப்பையை ஒரே இடத்தில் கூட்டி வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் இந்தக் கட்சிதான். அது சுத்த உணர்ச்சி மட்டுமில்லை. நம்மை ஒருவர் நாம் இல்லாதபோது வாசிக்கப் போகிறார். வாசிக்கும் முன் ஒருமுறை பிழைதிருத்திக் கொடுக்கிறோம்.

மூன்றாம் நாள் நடந்ததுதான் இதை எழுதத் தூண்டியது. கப்பல் குளியலறையில் சுவரிலிருந்து இழுத்து எதிர்ச் சுவரில் மாட்டும் ஒரு மெல்லிய கொடி உண்டு. அவள் துவைத்த உள்ளாடைகளை அதில் காயப்போட்டு, மேலே கப்பல் துண்டு ஒன்றை விரித்து மறைத்திருந்தாள். நம் வீட்டுப் பெண்கள் மொட்டை மாடிக் கொடியில் ஆயுள் முழுக்கச் செய்வதுதான்: புடவைக்கு அடியில் பாவாடை, துண்டுக்கு அடியில் மற்றதெல்லாம். புக்கெட்டில் இறங்கிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று நினைவு வந்தது. “ஐயோ, கொடியில துணி இருக்கே. ஈரத் துண்டுன்னு எடுத்துடுவாரே!” அதற்கப்புறம் கடல் எங்களுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக்குள் போனவள், கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கொடியில் ஈரத் துண்டு இல்லை. அதே இடத்தில் காய்ந்த புதுத் துண்டு ஒன்று, அவள் விரித்திருந்த அதே அகலத்துக்கு விரிந்திருந்தது. அடியில் துணிகள் வைத்தது வைத்தபடி. ஈரத் துண்டை எடுப்பது அவர் வேலை. எடுத்தால் அடியில் இருப்பது தெரியும், தெரிந்துதான் இருக்கும். ஒரு கையால் பழையதை இழுத்து, மறு கையால் புதியதைப் போட அவருக்கு ஒரு நொடி ஆகியிருக்குமா? அந்த ஒரு நொடியில் அவர் கண்ணை எங்கே வைத்துக்கொண்டிருப்பார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தும் பாராதது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒரு வேலைத்திறன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பார்க்கவே கூடாது என்றால் அவரால் அறையைச் சுத்தம் செய்ய முடியாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் மேஜையில் சின்ன வெள்ளி விளக்கைத் திரி போட்டு வைத்திருந்தாள். கப்பலில் மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி எதற்கும் அனுமதி இல்லை. நடுக்கடலில் தீ பிடித்தால் ஓட இடமில்லை. விளக்கைக் கண்டதும் அவர் நேராகக் கேட்டார்: “ஏத்த மாட்டீங்கதானே, மேடம்?” மாட்டேன் என்று அவள் தலையாட்டினாள். மறுநாள் விளக்கை நகர்த்தாமல் அதைச் சுற்றி மட்டும் மேஜை துடைக்கப்பட்டிருந்தது. துணிக்கு மூடிய கண் விளக்குக்குத் திறந்திருந்தது.

கதவில் தொங்கவிடும் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டை ஒரு வேண்டுகோள்தான், பூட்டு இல்லை. தேவைப்பட்டால் அறைக்குள் வரும் உரிமையைக் கப்பல் நிறுவனம் டிக்கெட் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கும். 2017 அக்டோபரில் அமெரிக்காவின் லாஸ் வேகஸில் ஒருவன் ஓட்டல் அறைக்குள் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்து, ஜன்னல் வழியாகக் கூட்டத்தைச் சுட்ட பிறகு, அந்த அட்டைக்கு ஓட்டல்களில் இருந்த மதிப்பும் குறைந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்திருந்தார்கள். பொது இடத்தில் நிற்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை, அது ஆளோடு ஒட்டியது என்பது அந்தப் புட்டசாமி வழக்குத் தீர்ப்பின் ஒரு முக்கியக் கருத்து. ஒன்பது நீதிபதிகள் சொன்னதை ஒரு துண்டால் சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசி நாள் அவரிடம் கேட்டேன்: “உங்க ரூம் எப்படி இருக்கும்?”

அவர் ஒரு கணம் தயங்கினார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. கப்பலின் அடித்தளத்தில் இருவருக்கு ஓர் அறை. மேல் கட்டில் அவருடையது. “திரை உண்டு சார்” என்றார். எட்டு மாத ஒப்பந்தம். வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஊரில் இருக்கும் இரண்டு வயது மகளோடு பேசுவதெல்லாம் அந்தத் திரைக்குள்தான். அறையை யார் சுத்தம் செய்வார்கள் என்று கேட்டேன். “நாங்களேதான். அதிகாரிங்க வந்து சோதனை பண்ணுவாங்க.” எங்கள் அறையைப் பார்த்தும் பாராமல் இருந்தவரின் அறையைத் திறந்து பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ஊருக்கு வந்தபின் தேடிப் படித்தேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-ல் ஜெனீவாவில் நிறைவேற்றி, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இதையெல்லாம் அளந்து வைத்திருக்கிறது. பயணிகள் கப்பலில் அதிகாரிகள் அல்லாத ஊழியர்கள் இருவர் தங்கும் அறை குறைந்தது 7.5 சதுர மீட்டர். கட்டில் 198 செ.மீ. நீளம், 80 செ.மீ. அகலம். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு. பட்டியலில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன்: ஆளுக்கு ஒரு துணி அலமாரி, குறைந்தது 475 லிட்டர் கொள்ளளவு, அதை அவரே பூட்டிக்கொள்ளும்படி இருக்க வேண்டும், காரணம், அந்தரங்கம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் 260 லிட்டர். அதைப்போல் இரண்டுகூட இல்லை. உலகத்து நாடுகள் உட்கார்ந்து பேசி, ஒரு மாலுமியின் அந்தரங்கத்துக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று லிட்டர் கணக்கில் எழுதியிருக்கின்றன. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பாட்டியின் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

பதினான்கு பேர் இருந்த வீடு. காமரா உள், புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு. மற்றவர்களுக்குக் கூடம், தாழ்வாரம், திண்ணை. பாட்டிக்கென்று ஓர் அறை கடைசிவரை இருந்ததில்லை. பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தகரப் பெட்டியும், இடுப்பில் செருகிய சாவியும் இருந்தன. வீட்டில் அத்தனை பேருக்கும் பெட்டியைத் தெரியும்; ஒருவரும் தொட்டதில்லை. பாட்டி போன பிறகும் பதின்மூன்று நாள் யாருக்கும் அதைத் திறக்கக் கை வரவில்லை. உள்ளே என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இவ்வளவும் யோசித்த ஒரு காலையில்தான் செல்வியின் பையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். அந்தப் பை வாசலுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டில் இருந்தது. பதினோரு வருடமாக அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவள் படுக்கையறையைப் பெருக்க வரும் முன் பீரோவைப் பூட்டிச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பது எங்கள் வழக்கம். சாமி படத்தைத் துடைப்பதும் அவள்தான். ஹாலில் கிடக்கும் தலையணையை எடுத்து வைப்பதும் அவள்தான். கப்பலில் போய்விட்டதென்று நான் பதறிய ரகசியம் அவளிடம் எத்தனையோ வருடமாகப் பத்திரமாக இருந்திருக்கிறது.

பின் பால்கனியில் ஒரு மர அலமாரி. கதவும் கொண்டியும் உள்ள கீழ்ப்பகுதியைக் காலி செய்தேன். “செல்வி, இது உங்களுக்கு. பை, மாத்துத் துணி, எதுன்னாலும் வச்சுக்குங்க.”

“எனக்கு எதுக்கு சார்? என்னத்தக் கொண்டாரேன், ஒரு போனு, ஒரு பர்ஸு” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பத்து நாள் அது காலியாகவே கிடந்தது. பை செருப்பு ஸ்டாண்டிலேயே இருந்தது. என் நல்ல மனசு வீணாகிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

போன வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது பார்த்தேன். கொண்டியில் சின்னதாக ஒரு பித்தளைப் பூட்டு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதலில் வந்தது அதுவல்ல. என் வீடு, என் அலமாரி, என்னால் திறக்க முடியாத ஒரு கதவு. ஒரு போனுக்கும் பர்ஸுக்கும் பூட்டு எதற்கு? அப்படி என்ன வைத்திருப்பாள்? கை தானாகப் போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தது.

“என்னங்க, அங்க என்ன பண்றீங்க?” அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்.

“ஒண்ணுமில்ல” என்றேன். பூட்டின் மேலிருந்த தூசியைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டு நகர்ந்தேன். புதுப் பூட்டில் தூசி ஏது?