எழுதி வைத்த விடைகள்

திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் வீதியை ஒட்டி அமைந்த கடற்கரை ஊர் உப்புவெளி. இவ்வூர் மக்களுக்கு வினாக்கொத்து என்பது புதிய பொருளன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின்னர், இழந்த வீடு யாது, இழந்த தோணி யாது, இழந்த வலை யாது என வினவிப் படிவங்களோடு பலர் வந்தனர். அரச அலுவலரும் வந்தனர். தொண்டு நிறுவனத்தாரும் வந்தனர். ஒரு கட்டத்துள் இடப்படும் சிறிய அடையாளத்தில் ஒரு குடும்பத்தின் கூரையும் தொழிலும் தங்கியிருந்த காலம் அது.

இன்று தாளின் இடத்தைத் திரை பிடித்துள்ளது. இலங்கையின் 2024ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பில் கையடக்கக் கணினிகள் முதன்முறையாகப் பயன்பட்டன. வங்கிகளும் விடுதிகளும் ஆய்வு மாணவரும் இணையவழியே வினாக்களை அனுப்பிக் கைத்தொலைபேசியிலேயே விடை பெறுகின்றனர். இம்மாற்றத்தோடு ஒரு வழக்கமும் வந்து சேர்ந்துள்ளது. படிவம் திறக்கப்படும்போதே அதன் சில கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றன. விடையளிப்பவர் செய்யவேண்டியது 'அனுப்புக' என்பதைத் தொடுவது மட்டுமே. விரும்பாதவர் விடையை மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையும் உண்டு. மாற்றும் உரிமை இருக்கும்போது இவ்வழக்கில் தவறு ஏது என்று கேட்பார் உளர். அக்கேள்வியை எளிதிற் புறந்தள்ளுதல் இயலாது, அது ஆராயத்தக்கது.

வினா என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரோ எனச் சோதிக்க வினவுவது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ள வினவுவது அறியாவினா. ஐயம் நீங்க வினவுவதும், கொள்ளக் கருதி வினவுவதும், கொடுக்கக் கருதி வினவுவதும், ஒன்றைச் செய்யுமாறு ஏவும் கருத்தோடு வினவுவதும் ஏனையவை. சொல்லமைப்பில் இவையனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும். வினவுவோனின் உள்ளக்கருத்தே அவற்றை வேறுபடுத்துகின்றது.

ஆய்வின் பொருட்டுக் கேட்கப்படும் வினா அறியாவினாவாக இருத்தல் வேண்டும். 'எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், கூறுக' என்பதே அதன் உட்பொருள். அவ்வகையில் அது வினவுவோனின் பணிவையும், விடை கூறுவோனின் தகுதியையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் செயலாகும். கட்டத்துள் விடையை முன்கூட்டியே எழுதி வைக்கும்போது இவ்வொப்புதல் நீங்கிவிடுகின்றது. வினாக்குறி அவ்வாறே நிற்க, பொருள் ஏவல்வினாவாக மாறிவிடுகின்றது. கேட்பதாகத் தோற்றங் காட்டி ஏவுவதே இங்கு நிகழ்வது.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்ளலாம். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுத்து வாழும் ஒருவரிடம் ஓர் இணையவழிப் படிவம் செல்கின்றது. 'கரையோரத்தில் உல்லாசப் பயண விடுதிகள் பெருகுவதை ஆதரிக்கின்றீரா?' என்பது வினா. 'ஆம்' என்ற கட்டத்தில் சரி அடையாளம் ஏற்கெனவே இடப்பட்டிருக்கின்றது. அவருடைய மகன் விடுதியொன்றிற் பணிபுரிகின்றான். அதனால் வீட்டிற்கு வருமானம் உண்டு. ஆயினும் வலை இழுக்கும் இடம் ஆண்டுதோறும் குறுகி வருகின்றது என்ற கவலையும் அவருக்குண்டு. அவரது உண்மையான விடை 'ஆம்' என்பதும் அன்று, 'இல்லை' என்பதும் அன்று. 'எங்கள் பாட்டிற்கு இடம் விடுவார்களாயின் வரட்டும்' என்பதே அது. இத்தகைய விடைகளுக்கும் நன்னூலார் இடம் வைத்துள்ளார். அவர் வகுத்த எண்வகை விடைகளுள் நேராகக் கூறும் விடைகளோடு, எதிர்வினா எழுப்புவதும், தனக்கு நேர்ந்ததைச் சொல்வதும், இனி நேர இருப்பதைச் சொல்வதும் விடைகளாகவே கொள்ளப்படுகின்றன. இலக்கணம் இடமளித்த ஒன்றுக்குப் படிவம் இடமளிக்கவில்லை. வெற்றுக் கட்டமாயினும் இருந்திருந்தால் அம்மனிதர் சற்றே தயங்கியிருப்பார். அத்தயக்கமே சிந்தனையின் தொடக்கம். எழுதி வைத்த விடை அதனையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்கின்றது.

மாற்றும் உரிமை உண்டே என்ற வாதத்திற்கு ஆய்வுலகம் தக்கதொரு விடை தந்துள்ளது. எரிக் ஜோன்சன், டானியல் கோல்ட்ஸ்டீன் என்னும் இருவர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று உறுப்புத் தானம் பற்றியது. இணையவழியே மூன்று குழுவினரிடம் ஒரே வினா கேட்கப்பட்டது. தானம் செய்யாதவர் என முன்னரே கொள்ளப்பட்ட குழுவில், அதனை மாற்றித் தானத்திற்கு உடன்பட்டோர் 42 சதவீதத்தினர். தானம் செய்பவர் என முன்னரே கொள்ளப்பட்ட குழுவில், அதனை அவ்வாறே விட்டோர் 82 சதவீதத்தினர். எதுவும் முன்கொள்ளப்படாது, தாமே தெரிவுசெய்யுமாறு விடப்பட்ட குழுவில் உடன்பட்டோர் 79 சதவீதத்தினர். விடையை மாற்றும் உரிமை எல்லோருக்கும் சமமாகவே இருந்தது. எனினும், எழுதி வைத்தவனின் கை விடையளித்தோரின் கையைவிட வலிமையுடையதாயிற்று.

இங்கு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. 82 என்பதும் 79 என்பதும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே அவ்விடத்தில் எழுதி வைத்த விடை மக்களின் உண்மைக் கருத்தோடு பொருந்தியது எனலாம். ஆனால் அது பொருந்தியது என்பதை எவ்வாறு அறிந்தோம்? வெற்றிடம் விட்டு வினவிய மூன்றாவது குழு ஒன்று இருந்தமையாலன்றோ? அக்குழு இல்லையாயின் 42 உண்மையா, 82 உண்மையா என்று எவராலும் துணிய முடியாது. எழுதி வைத்த விடை பொய்யாகத்தான் இருக்கும் என்பதன்று குற்றச்சாட்டு. அது மெய்யா பொய்யா என்று அறியும் வழியையே அடைத்துவிடுகின்றது என்பதே குற்றச்சாட்டு. மௌனம் பேச்சாகப் பதியப்பட்ட பின், பேசியவர் யார், பேசாதவர் யார் என்று பிரித்தறிதல் அரிது.

கருத்தைப் பற்றிய வினாவிலேயே இவ்வளவு தீங்கு உண்டெனில், ஒருவர் தம்மை யார் எனக் கூறும் வினாவில் அது பன்மடங்காகும். இலங்கையில் முறையான குடிசனக் கணக்கெடுப்பு 1871இல் தொடங்கியது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இருவேறாகப் பகுக்கப்பட்டனர். நிருவாக வசதிக்கென வகுக்கப்பட்ட ஒரு கட்டம், பின்னர் மலையக மக்களின் குடியுரிமை வரலாற்றோடு எவ்வாறு பின்னிப் பிணைந்தது என்பது யாவரும் அறிந்ததே. திருகோணமலை மாவட்டத்தின் தென்கரையில், மூதூர், வெருகல் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர் உளர். முற்காலக் கணக்குகளில் தனியினமாக எண்ணப்பட்ட வேடரின் பெயரைப் பிற்காலக் கணக்குகள் பலவற்றின் பட்டியல்களிற் காணவியலாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இம்மாவட்டத்தில் தொகை என்பது வெறும் எண்ணன்று. நிலமும் பிரதிநிதித்துவமும் அதனோடு தொடர்புடையன. இத்தகைய இடத்தில் ஒருவரது பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இனம், மதம், தாய்மொழி ஆகிய கட்டங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும் படிவமொன்று ஆக்கப்படுமாயின், அது பெரும்பாலும் சரியாகவே நிரப்பக்கூடும். எஞ்சிய சிலர் யார்? கலப்பு மணத்திற் பிறந்தோர், மதம் மாறியோர், சிறு குழுவினர். எவரைக் கட்டாயமாகக் கேட்டறிய வேண்டுமோ, அவரையே அப்படிவம் கேளாது விடும்.

முன்கூட்டி நிரப்புதல் யாவுமே தீது என்று கூறுதலும் பொருந்தாது. டென்மார்க்கில் 1988 முதல் வருமானவரிப் படிவங்கள் அரசின் கையிலுள்ள விபரங்களால் நிரப்பப்பட்டே குடிமக்களுக்கு அனுப்பப்படுகின்றன. வேலை கொடுப்போரும் வங்கிகளும் ஏற்கெனவே அறிவித்த தொகைகள் அவை, சான்று வேறிடத்தில் உண்டு, பிழையிருப்பின் சரிபார்க்கலாம். அவ்வாறே ஒருவர் முன்பு தாமே கூறிய முகவரியை மறுமுறை காட்டுவதும் அவருக்குச் செய்யும் உதவியே. முதியவர் ஒருவர் சிறிய திரையில் அடையாள அட்டை இலக்கத்தை மீண்டும் மீண்டும் எழுதித் துன்புறத் தேவையில்லை. வேறுபாடு யாதெனில், அங்கு நிரப்பப்படுவது வேறிடத்தும் சான்றுடைய செய்தி. கருத்து, அடையாளம், இணக்கம் ஆகிய மூன்றிற்கும் உரியவரின் வாய்மொழியன்றி வேறு சான்று இல்லை. அவற்றை அவருக்காக எழுதி வைத்தல், சாட்சியின் வாக்குமூலத்தை அவர் மன்றேறுமுன்னரே எழுதி வைத்தற்கு ஒப்பாகும்.

வெற்றிடமும் நடுநிலையானதன்று, விடைகளை எந்த வரிசையில் அடுக்கினும் அதுவும் ஒரு சாய்வே என்று வாதிப்போரும் உளர். அவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆயினும் தராசு முற்றிலும் பிழையின்றி அமையாது என்பதனால் தட்டில் விரலை வைத்து அழுத்தலாம் என்பது பெறப்படாது. முயன்று குறைக்கவேண்டிய பிழை வேறு. வேண்டுமென்றே செய்யும் சாய்வு வேறு.

சட்டமும் இப்பக்கமே நகர்ந்துள்ளது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, மௌனமும் முன்னரே அடையாளமிட்ட கட்டமும் இணக்கமாகா எனக் கருதுகின்றது. 2019 ஒக்டோபர் முதலாம் நாள் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும், இணையவழிப் பரிசுச் சீட்டு நிறுவனமொன்று பற்றிய வழக்கில் இதனையே தீர்ப்பாக உரைத்தது. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இணக்கம் என்பது ஐயத்திற்கிடமின்றி வெளிப்படுத்தப்படல் வேண்டும் என வரையறுக்கின்றது. எனினும் சட்டம் காப்பது இணக்கத்தையே. ஒருவரின் கருத்தைக் கேளாமலே கேட்டதாகப் பதிந்துகொள்வதை எந்நாளும் சட்டம் வந்து தடுக்கும் என்று எதிர்பார்த்தல் ஆகாது. அவ்விடத்தில் எஞ்சி நிற்பது அறம் ஒன்றே.

இவ்வறம் படிவம் ஆக்குவோரை மட்டுஞ் சார்ந்ததன்று. பல்கலைக்கழக மாணவர் இன்று பெருந்தொகையாக வினாக்கொத்துகளோடு ஊர்களுக்குச் செல்கின்றனர். ஐம்பது வீடுகளைப் பார்க்கவேண்டிய மாணவன் ஒருவன் நாற்பத்தேழாவது வீட்டை அடையும்போது பொழுது சாய்ந்துவிடுகின்றது. அடுத்த மூன்று வீடுகளும் பூட்டியிருக்கின்றன. முன்னைய வீட்டார் கூறியவற்றையே இவர்களும் கூறுவர் என்பதை அவன் அனுபவத்தால் அறிவான். பெரும்பாலும் அவனது ஊகம் பிழைக்காது. ஆய்வின் முடிவிலும் தசமத்தானத்தில் ஏதேனும் மாற்றம் நேர்ந்தால் உண்டு. ஆயினும் அவன் அம்மூன்று படிவங்களையும் தானே நிரப்புவானாயின், மூன்று குடும்பங்களின் வாயை அடைத்துவிட்டு அவர்களின் பெயராற் பேசியவனாகின்றான். தமக்காக ஒருவன் பேசிவிட்டான் என்பது அக்குடும்பத்தார்க்கு ஒருபோதும் தெரியவராது. தெரியவராமையாலேயே அக்குற்றம் பெரிதாகின்றது. தம் சொல்லை மறுத்துரைக்கும் வாய்ப்பும் அவர்க்கில்லை.

2001ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பு போர்ச்சூழலில் நடைபெற்றது. முழுமையாகக் கணக்கெடுக்கப்பட்டவை 18 மாவட்டங்களே. திருகோணமலை பகுதியளவிலேயே கணக்கெடுக்கப்பட்டது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மாவட்டங்களில் கணக்கெடுப்பு நடைபெறவேயில்லை. 1981க்குப் பின்னர் நாடு முழுவதையும் தழுவிய கணக்கெடுப்பு 2012இலேயே இயன்றது. அவ்விடைவெளி பெருங்குறையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது ஓர் உண்மையைக் கூறிற்று: இங்கு வாழ்ந்தோர் எவராலும் முழுமையாகக் கேட்கப்படவில்லை என்பதே அது. பிற்காலத்து ஆய்வாளன் அவ்வெற்றிடத்தைக் கண்டு 'ஏன்' என்று வினவ முடிகின்றது. அவ்விடத்தை ஊகத்தால் நிரப்பி, நிரப்பியதையும் மறைத்திருப்பின் அவ்வினாவும் எழுந்திராது.

ஆகவே வெற்றுக் கட்டம் படிவத்தின் குறையன்று. அது விடை கூறுவோர்க்கென ஒதுக்கப்பட்ட இடம். அவ்விடத்தில் அவர் எழுதலாம், தயங்கலாம், எழுதாமலும் விடலாம். எழுதாது விட்டதை எழுதாது விட்டதாகவே பதிந்துகொள்வது வினவுவோனின் கடமை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு வினவுகின்றவனே விடையைப் பெறத் தகுதியுடையவனாவான்.